இரண்டு பொன்னாடையும் ஒரு சங்கக்கடையும்

என்ரை அலுமாரியிலை ரெண்டு பொன்னாடை கிடக்கு. ஒண்டு பச்சை, மற்றது அரக்குச் சிவப்பு. பொன்னாடை எண்டால் ஆளைப் பெருமைப்படுத்தப் போடுறது எண்டுதான் நினைப்பியள். எனக்கு ரெண்டும் போட்டது, "என்னை விடுங்கோ, நான் போறன்" எண்டு கேட்ட நாளிலை. கேட்டதைக் குடுக்காமல் துணியைக் குடுத்து அனுப்பினவை. இண்டைக்கும் அலுமாரியைத் திறந்தால் எனக்குக் கடுப்புத்தான் வரும்.

பிழை என்ரை வாயிலைதான் துடங்கினது. ஜேர்மனியிலை, கெல்சென்கிர்ச்சனிலை நாங்கள் கொஞ்சத் தமிழ்க் குடும்பங்கள். மாதம் ஒருக்கா தமிழ்ப் பூசை முடிய, மாதா கோயில் மண்டபத்திலை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டு கதைப்பம். கதை எப்பவும் ஒண்டுதான். நல்ல மிளகாய்த்தூள் இல்லை, ஒடியல் மா இல்லை, கருவேப்பிலை வாங்கவும் ஆராவது வான் பிடிச்சுப் பாரிசுக்குப் போகவேணும். ஒருநாள் நான், கண்டறியாத பெரிய ஆள் மாதிரி, "உதுக்கு ஏன் இவ்வளவு கரைச்சல்? எல்லாரும் சேந்து இஞ்சை ஒரு சங்கக்கடை போட்டால் என்ன?" எண்டு கேட்டுப்போட்டன்.

வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணியைக் குடிச்சிருக்கலாம். குடிக்கேல்லையே.

நாட்டை விட்டு வெளிக்கிட முன்னம் நான் யாழ்ப்பாணத்திலை ஒரு சங்கக்கடையிலை ஒண்டரை வருசம் நிண்டனான். கூப்பனுக்கு அரிசி, சீனி, மண்ணெண்ணெய் நிறுத்துக் குடுக்கிற கடை. வேலைக்கு எடுக்கேக்கை ரெண்டு கிழமை வகுப்பு வைச்சவை. வகுப்பெடுத்த இன்ஸ்பெக்டர் துடக்கத்திலையிருந்து சொல்லித் தந்தவர். இங்கிலாந்திலை ஒரு ஊரிலை கொஞ்ச நெசவாளர், கடைக்காரர் மாவிலை கண்டதையும் கலந்து வித்ததாலை, தாங்களே சேந்து ஒரு கடை திறந்தவை. முதல் நாள் கடையிலை மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ், மெழுகுதிரி, அவ்வளவுதான். பெரிய கடைக்காரர் வந்து பாத்துச் சிரிச்சவையாம். ஆர் எவ்வளவு பங்கு போட்டாலும் ஆளுக்கு ஒரு வாக்கு, பொம்பிளையளுக்கும் உண்டு. எனக்கு அந்தக் கதை சரியான பிடிப்பு. மண்டபத்திலை அதை எடுத்துவிட, சனம் வாயைப் பிளந்து கேட்டுது.

முதல் கூட்டத்திலையே சண்டை. ஆம்பிளையள், குடும்பத்துக்கு ஒரு வாக்குக் காணும் எண்டிச்சினம். நான் எழும்பினன். "என்ரை மனுசன்ரை கையும் என்ரை கையும் ஒண்டோ? இவர் அரிசி கழுவினதை நான் ஒருநாளும் காணேல்லை. ஆளுக்கு ஒரு வாக்கு. இல்லாட்டி இதுக்குச் சங்கக்கடை எண்டு பேர் வைக்காதேங்கோ!" பொம்பிளையள் கைதட்டினவை. ஒரு மணித்தியாலம் கத்தி நான்தான் வெண்டன். அடுத்த ஐஞ்சு நிமிசத்திலை, நான் வாங்கிக் குடுத்த அந்தக் கையள் எல்லாம் உயர்ந்து என்னையே மனேச்சர் ஆக்கினதுகள்.

"ஆறு மாதம் மட்டும்தான்" எண்டு சொன்னன். "ஓம் ஓம், ஆறு மாதம் காணும் தங்கச்சி" எண்டார், அண்டைக்கே சங்கத்துக்குத் தலைவராக்கின தலைவர் அண்ணை.

அந்த நேரம் நான் ஒரு முதியோர் இல்லத்திலை அறை துடைக்கிற வேலை. அங்கை இருந்த பெரிய நர்ஸ், ஒரு ஜேர்மன்காரி, நாங்கள் டொச்சுக்காரி எண்டுறது, என்னைக் கண்டால் விடமாட்டா. "நீ துடைக்கிற ஆள் இல்லை, மனுசரைப் பாக்கிற ஆள். மூண்டு வருசம் நர்சுக்கு அவுஸ்பில்டுங் செய், படிச்சுப்போட்டு எனக்குப் பக்கத்திலை வேலை செய்" எண்டு சொல்லுவா. எனக்கும் அதுதான் ஆசை. கனவு கண்டால் அந்த வெள்ளைச் சட்டையோடைதான் காணுவன். கடை ஒரு நிலைக்கு வரட்டும், ஆறு மாதத்திலை திரும்பி வாறன் எண்டு அவவிட்டைச் சொல்லிப்போட்டு வேலையை விட்டன்.

எங்கடை கடை முந்தி இறைச்சிக்கடை. சுவர் முழுக்க வெள்ளை ஓடு, மேலை இரும்புக் கொளுக்கி. நாங்கள் அந்தக் கொளுக்கியிலை வாழைக்குலை தூக்கினம். எதிர்வீட்டுக் கிழவி ஒருநாள் எட்டிப் பாத்துப்போட்டு, இறைச்சிக்கடைக்கு முன்னம் இது நிலக்கரிச் சுரங்கக்காரர் சேந்து நடத்தின கொன்சும் கடை எண்டு சொன்னா. சின்னப் பிள்ளையா இருக்கேக்கை தாய் பாலுக்கு இஞ்சைதான் அனுப்பிறவவாம். எங்களுக்கு முன்னம் இதே சுவருக்குள்ளை ஒரு சங்கக்கடை! "அப்ப ஆர் கடையிலை நிண்டது?" எண்டு கேட்டன். "எப்பவும் ஒரே பொம்பிளைதான்," எண்டா கிழவி. "பூட்டுமட்டும் அவதான் நிண்டவ."

சீ, ஏன் கேட்டன் எண்டு போச்சு.

எங்கடை சங்கச் சட்டப்படி பாத்தால் அங்கத்தவர் எல்லாரும் முறை வைச்சுக் கடையிலை நிக்கவேணும். மூண்டு மாதம் வந்தவை. பிறகு ஒருத்தருக்குப் பின்னேர வேலை, ஒருத்தருக்குச் சாமத்தியவீடு, ஒருத்தருக்கு டொக்டரிட்டைப் போக டெர்மின். "அக்கா, இண்டைக்கு மட்டும் ஒருக்காப் பாருங்கோ" எண்டு போன் வரும். இண்டைக்கு மட்டும், இண்டைக்கு மட்டும் எண்டே வருசம் ஓடிச்சுது. காலமை பத்துக்குத் திறந்தால் ஆறரைமட்டும் நான் தனிய. ஒண்டுக்குப் போகவும் ஏலாது. கதவைப் பூட்டி, ஐஞ்சு நிமிசத்திலை வாறன் எண்டு மட்டையிலை எழுதித் தொங்கவிட்டுப்போட்டுப் போவன். ரெண்டாவது நிமிசம் ஆராவது வந்து கண்ணாடியிலை அடிச்சு, "அக்கா, உள்ளைதானே நிக்கிறியள்?" எண்டு கத்துவினம். வேறை எங்கை நிப்பன்?

கண்ணாடிக்கு அங்காலை டிராம் நிக்கிற இடம். ஒவ்வொரு பத்து நிமிசமும் ஒண்டு வரும், சனத்தை ஏத்திக்கொண்டு போகும். முதியோர் இல்லத்துக்கும் அதிலைதான் போகவேணும். பருப்பை நிறுத்துக்கொண்டு அதைப் பாத்துக்கொண்டு நிப்பன். அந்த நெசவாளரிலை ஒருத்தனாவது, "எனக்குக் காணும், நான் போறன்" எண்டு சொன்னானோ? அதை இன்ஸ்பெக்டர் சொல்லித் தரேல்லை.

ரெண்டாம் வருசக் கூட்டத்திலை விலகல் கடிதம் குடுத்தன்.

எங்கடை சங்கங்களிலை ஒரு வழக்கம் இருக்கு. விலகல் கடிதம் குடுக்கிறது விலகிறதுக்கு இல்லை. குடுக்கவேணும், நாலு பேர் எழும்பி "நீங்கள் இல்லாட்டி ஏலாது" எண்டு சொல்லவேணும், கடிதத்தை ஏற்கிறேல்லை எண்டு எல்லாரும் கை தூக்கவேணும், குடுத்தவர் வெக்கப்பட்டுச் சிரிச்சுத் திருப்பி வாங்கவேணும். அதுதான் மரியாதை. உடனை ஏற்றால்தான் அவமானம். கோயில் பாட்டுக் குழுவை நடத்தினவர் மூண்டுதரம் விலகக் கேட்டவர், மூண்டுதரமும் நான்தான் முதல் கை தூக்கினன். அந்த மனுசன் உண்மையாத்தான் கேட்டாரோ எண்டு அண்டைக்குத்தான் யோசிச்சன். என்ரை கடிதத்தை வாசிச்ச உடனை எல்லாருக்கும் முகம் மலர்ந்துது. நாலு பேர் எழும்பிச்சினம். கை எழும்பிச்சுது. பச்சைப் பொன்னாடை வந்துது. நான் சிரிச்சன். சிரிக்காமல் என்ன செய்யிறது?

அடுத்த வருசம் அந்த டொச்சுக்கார நர்ஸ் கடைக்கே வந்தா. நர்ஸ் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலை எனக்காகக் கதைச்சிருக்கிறா. ஒக்டோபரிலை வகுப்புத் துடங்குது, எனக்கு ஒரு இடம் இருக்கு. அடுத்த முறை இருக்குமோ எண்டு சொல்ல ஏலாதாம். எனக்கு அப்ப நாப்பத்தொரு வயசு. அவ போன பிறகு அரிசி மூட்டையிலை இருந்து அழுதன், சந்தோசத்திலை.

தலைவர் அண்ணையைத் தனியக் கூப்பிட்டன். "அண்ணை, இந்தமுறை வழக்கத்துக்குக் கேக்கேல்லை. உண்மையாப் போகவேணும். ஆரையாவது பாருங்கோ."

"ஓம் தங்கச்சி, ஓம். கூட்டத்திலை வடிவாக் கதைப்பம்."

கூட்டத்துக்கு முந்தின கிழமை அவரே போன் எடுத்தார். பாரிசிலையிருந்து சாமான் வரேக்கை ஒரு நல்ல பொன்னாடையும் சொல்லிவிடட்டாம். ஆருக்கெண்டு கேட்டன். "ஒரு பெரிய ஆளுக்கு." ஊரிலையிருந்து பூசை வைக்க வாற சுவாமிக்காக்கும் எண்டு நான் நினைச்சன். பாரிஸ் கடைக்காரனோடை அரை மணித்தியாலம் மினக்கெட்டு, அரக்குச் சிவப்பு, அகலக் கரை, நூல் தள்ளாதது எண்டு பாத்துப் பாத்து எடுப்பிச்சன்.

கூட்டத்திலை பள்ளிக்கூடத்துக் கடிதத்தை வாசிச்சுத் தமிழிலையும் சொன்னன். முன்வரிசையிலை ரெண்டு பேர் தலையாட்டிச்சினம். விளங்கியிட்டுது எண்டு நம்பினன். பின்வரிசையிலை ஒரு இளம் பொம்பிளைப் பிள்ளை எழும்பிச்சுது. முதல் கூட்டத்திலை அதின்ரை மனுசன் வாக்குக் குடுக்கமாட்டன் எண்டு நிண்டு, நான் சண்டை பிடிச்சு வாங்கிக் குடுத்தனான். "அக்கா போனால் எங்கடை டொச்சுக் கடிதங்களை ஆர் வாசிக்கிறது? ஆரோடை மனம் விட்டுக் கதைக்கிறது? அக்கா எங்களுக்கு ஒரு தாய்." சொல்லிப்போட்டு அழுதுது. அதைப் பாத்து மற்றதுகளும் அழுததுகள். தலைவர் அண்ணை, "ஏற்கிறேல்லை எண்டிறவை?" எண்டு கேட்டார்.

நான் ஒவ்வொரு முகமாப் பாத்தன். ஒரு கை, மாதாவே, ஒரு கையாவது கீழை கிடக்கட்டும். என்ரை மனுசனைப் பாத்தன். அவர் முதலிலை நிலத்தைப் பாத்தார், பிறகு பக்கத்திலை இருந்தவையைப் பாத்தார், பிறகு தூக்கினார். தலைவர் அண்ணை மேசைக்குக் கீழையிருந்து ஒரு பையை எடுத்தார். கரையைக் கண்ட உடனை எனக்கு விளங்கியிட்டுது.

அவையளுக்கு என்னிலை உண்மையா விருப்பம். அதுதான் கொடுமை. கோவமெண்டால் சண்டை பிடிச்சுப்போட்டு நடந்திருப்பன். காரிலை வரேக்கை மனுசனிட்டைக் கேட்டன், ஏன் தூக்கினனீங்கள் எண்டு. "எல்லாரும் தூக்கேக்கை நான் மட்டும் என்னண்டப்பா சும்மா இருக்கிறது? சனம் என்ன நினைக்கும்?" எண்டார்.

நர்ஸ் கேட்டா, "ஒரு கடிதத்தை எழுதி வைச்சுப்போட்டு வாவன், ஆர் உன்னைப் பிடிக்கிறது?" சட்டத்திலை ஒருத்தரும் என்னைப் பிடிச்சு வைக்கேல்லை எண்டது எனக்கும் தெரியும். ஆனால் நான் போனால் கடை பூட்டும், பூட்டினது நான் எண்டாகும். பிறகு அந்தச் சனத்தோடைதானே ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முழங்காலிலை நிக்கவேணும்? எனக்கு இடம் வேண்டாம் எண்டு பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதினன், தராசுக்குப் பக்கத்திலை வைச்சு. எழுதேக்கை ஒராள் வந்து உளுத்தம்பருப்புக் கேட்டவ.

அதுக்கடுத்த வருசம், டிராமிலை ரெண்டு தரிப்புத் தள்ளி ஒரு தமிழ் முதலாளி பெரிய கடை திறந்தார். பச்சை மீன், வியாழக்கிழமை விமானத்திலை வந்த மரக்கறி. எங்கடை அங்கத்தவர் ஒருத்தரும் அங்கை போறேல்லை எண்டு சத்தியம் பண்ணிச்சினம். எனக்குத்தான் கண்ணாடியாலை டிராம் தெரியுமே! உள்ளை இருக்கிறவையின்ரை மடியிலை அந்தக் கடையின்ரை நீலப் பை. என்ரை வாசலைத் தாண்டேக்கை மட்டும் எல்லாருக்கும் மற்றப் பக்கம் பாக்க ஏதோ இருக்கும். என்னைத் தாய் எண்டு சொன்ன பிள்ளையும் அப்பிடித்தான் போனது.

நவம்பர்ப் பூசை முடிய, தலைவர் அண்ணை சின்னக் கூட்டம் ஒண்டு வைச்சார். ஒருத்தரும் கதிரையிலை இருக்கவுமில்லை, தேத்தண்ணிக் கோப்பையோடை நிண்டவை. "கடையைப் பூட்டுவம் எண்டிறவை?" என்னைச் சுத்தி எல்லாக் கையும் எழும்பிச்சுது. ஒருத்தரும் அழேல்லை. "வேண்டாம் எண்டிறவை?" அவர் சும்மா, முறைக்குத்தான் கேட்டார். ஒரு கை எழும்பிச்சுது. எல்லாரும் திரும்பிப் பாக்கத்தான் அது என்ரை கை எண்டு எனக்கே தெரிஞ்சுது. தேத்தண்ணி ஆற முன்னம் எல்லாம் முடிஞ்சுது. எனக்கு விடுதலை. அண்டைக்கு ஒருத்தரும் பொன்னாடை கொண்டு வரேல்லை.

அந்த வருச வகுப்பும் துடங்கி ஒரு மாதமாகியிருந்தது. பிறகு ரெண்டு வருசம் கேட்டுப் பாத்தன், இடம் கிடைக்கேல்லை. இப்பவும் அதே முதியோர் இல்லத்திலை அறை துடைக்கிறன்.

பூட்டுறதெண்டு கை தூக்கின அண்டைக்கு, காரிலை, சிவப்பு லைட்டிலை நிக்கேக்கை மனுசன் கேட்டார். "ஏனப்பா கை தூக்கினீர்? போகத்தானே இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டிருந்தனீர்? எல்லாரும் பூட்டுவம் எண்டேக்கை நீர் மட்டும்."

"ரெண்டு வருசமும் அந்த மண்டபத்திலை எனக்காக ஒரே ஒரு கை மாறி நிக்காதோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்," எண்டன். "ஒண்டும் நிக்கேல்லை. உங்கடை கையும் நிக்கேல்லை. அந்தக் கடைக்காவது ஒண்டு நிக்கட்டும்."

லைட் பச்சைக்கு மாறிச்சுது. அவர் காரை எடுக்கேல்லை. பின்னாலை நிண்டவன் ஹோர்ன் அடிச்சுக்கொண்டே நிண்டான்.