லாசர் போடாத கையெழுத்து

கார்னர் ஸ்டீபன் இறந்த செய்தி வந்தபோது அவருடைய ஏழாவது கடிதம் என் கம்ப்யூட்டரில் பாதியில் நின்றிருந்தது. கொருக்குப்பேட்டையில் நான் நடத்தும் டைப்பிங், ஜெராக்ஸ் கடையில் அன்று ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இல்லை. குத்துச்சண்டை வீரர் லாசரின் மகள் பிலோமினா வாசலில் வந்து நின்று, "அக்கா, கார்னர் மாமா பூட்டாருக்கா" என்றாள். "எங்க போனாரு? மீதியச் சொல்ல இன்னைக்கு வர்றேன்னாரே" என்று கேட்டேன். அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

உங்கள் குத்துச்சண்டை மன்றத்து மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். குத்துச்சண்டையில் எனக்கு அ, ஆ தெரியாது. அவருடைய கடிதங்களை அடித்துக் கொடுத்தவள், அவ்வளவுதான். கூட்ஸ் யார்டில் வேலை பார்த்தவர், வேலை முடிந்ததும் ரிங்கில் இடக்கைக் குத்துக்காரர் லெஃப்ட் லாசரின் கார்னரில் ஸ்டூலும் வாளியும் துண்டுமாக நின்றவர் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். லாசர் போய் எட்டு வருடமாகிறது. அவர் காலத்தில் ரிங்குக்குப் பக்கத்தில் நின்றவர்களில் ஸ்டீபன்தான் கடைசி.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் என் கடைக்கு முதன்முதலாக வந்தது சண்டை போடுகிற தோரணையில். பழைய மெட்ராஸ் குத்துச்சண்டைக்குத் திடீரென்று மவுசு வந்திருந்த நேரம். ஏதோ ஒரு ஏலக் கம்பெனி, லாசர் கையெழுத்திட்ட கிளவுஸ் என்று இணையத்தில் ஒரு ஜோடியை ஏலத்துக்கு வைத்திருந்தது. போனில் இருந்த படத்தை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "டுபாக்கூரும்மா இது. பக்கா டுபாக்கூரு. ஒரு லெட்டர் அடி." தமிழில் அடித்தால் அவர்களுக்குப் புரியுமா என்று கேட்டேன். "புரியலன்னா ஆள வெச்சு படிக்கட்டும். லாசர் பேர வெச்சு விக்கத் தெரியுதுல்ல?" என்றார்.

என்ன கோபம் இது என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். கிளவுஸ் மன்றத்துச் சொத்து, இன்று ஒருவன் போடுவான், நாளை வேறொருவன். கையில் சுற்றும் துணி மட்டும்தான் ஆடுகிறவனுக்குச் சொந்தம். சண்டை முடிந்ததும் அந்தத் துணியைக் கார்னரில் வெட்டி எடுத்து, பேர் எழுதி, ரசிகர்களிடம் கொடுப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். ஆகவே லாசர் கிளவுஸ் ஏலத்துக்கு வந்தது என்றால், மன்றத்துக் கிளவுஸை லாசர் வீட்டில் பதுக்கி வைத்திருந்தார், அதை மகள் பிலோமினா விற்றுவிட்டாள் என்று அர்த்தமாகிவிட்டது. நீங்கள்தான் அப்படிப் பேசினீர்கள். சுவரில் இருந்த லாசர் படத்தையும் கழற்றினீர்கள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்துப் பிழைக்கும் அந்தப் பெண், மன்றம் இருக்கும் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டாள்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கைப்பட எழுதிக்கொண்டு வருவார். தோலின் நிறம் தப்பு, லேஸ் தப்பு, தையல் தப்பு என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு காரணம். கிளவுஸும் விலை போகாமல் மறுபடி மறுபடி ஏலத்துக்கு வந்துகொண்டிருந்தது. கம்பெனி ஒவ்வொன்றுக்கும் பணிவாகப் பதில் போடும்: நிபுணர் பார்த்துவிட்டார், சான்றிதழ் இருக்கிறது, ஹோலோகிராம் ஒட்டியிருக்கிறது. "ஹோலோகிராமு நம்ம பாரிஸ் கார்னர்ல ரோல் ரோலா விக்குதும்மா" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். ஆறாவது கடிதத்துக்கு மட்டும் வேறு மாதிரி பதில் வந்தது. குடும்பத்தாரிடம் லாசரின் அசல் கையெழுத்து இருந்தால் அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஏலத்திலிருந்து எடுத்துவிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். அவரோ தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பாக்கலாம்" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கம்பெனி கையெழுத்து கேட்கிறது என்று சொல்ல நானே பிலோமினா வீட்டுக்குப் போனேன். திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள் லாசர் கையில் சுற்றிய பழுப்பேறிய துணி. அதில் 'லாசர்' என்று எழுதியிருந்தது. அந்த 'லா'வைப் பார்த்ததும் கிட்டப் போய் நின்றேன். வயிறு உப்பிய அதே 'லா'வைத்தான் நான் இரண்டு வருடமாகக் காலண்டர் தாள்களில் படித்து அடித்துக்கொண்டிருந்தேன். பிலோமினாவிடம் அதைப் பற்றிச் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் அவரிடம், அந்தத் துணியில் எழுதியது நீங்களா என்று நேராகவே கேட்டேன். பையைக் கீழே வைத்தார். பிறகு, "ஃபைட்டு முடிஞ்சா அவன் கை பன்னு மாரி வீங்கிக்கும்மா. பேனாவ எப்படி புடிப்பான்? அவன் குத்துவான், நான் எழுதுவேன். ஒரே கார்னரு தானே" என்றார். என் வாய் சும்மா இருக்காது. "அப்ப நீங்களும் டுபாக்கூர்தானே அண்ணே?" என்று கேட்டுவிட்டேன். சட்டென்று எழுந்து செருப்பை மாட்டினார். "நான் குடுத்த துணில அவன் ரத்தம் கீது. அவனுங்க விக்கிற கிளவுஸ்ல இன்னா கீது?" என்றார். அவர் சரியா, தப்பா என்று யாராவது கேட்டால் விழிப்பேன்.

ஒரு வாரம் கழித்து, சனிக்கிழமை, ஏழாவது கடிதத்தோடு வந்தார். தாளில் பாதிதான் எழுதியிருந்தது. "இதுவரைக்கும் அடி. மீதிய நாளைக்கு வந்து சொல்றேன்" என்றார். போகும்போது வாசலில் நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார். நான் அப்போது யாருக்கோ ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். மிஷினை நிறுத்தியிருக்கலாம்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து பிலோமினா அந்தக் கண்ணாடிச் சட்டத்தோடு கடைக்கு வந்தாள். "கம்பெனிக்காரன் அப்பா கையெழுத்து கேட்டானாமே. ஸ்கேன் பண்ணி அனுப்புக்கா." கையில் வாங்கினேன், ஸ்கேனர் மூடியைத் திறந்தேன், வைக்க மனம் வரவில்லை. "பிலோ, இது வந்து... உங்கப்பா..." என்று திணறினேன்.

"தெரியும்க்கா. அப்பாவுக்கு எழுதவே வராது. என் ராங்க் கார்டுல அப்பா கையெழுத்த கார்னர் மாமாதான் போட்டுக் குடுப்பாரு. இதே லா. எனக்குத் தெரியும்னு மாமாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா சங்கடப்படுவாரேன்னு நானும் சொல்லல."

கை வீங்கியது என்று என்னிடம் சொன்னதுகூட லாசருக்காகச் சொன்ன பொய்தான். லாசருக்கு எழுதத் தெரியாது என்று ஒரு வரி, முதல் கடிதத்திலேயே முடிந்திருக்கும் விவகாரம். அந்த வரியை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் இரண்டு வருடம் லேஸையும் தையலையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அவரை டுபாக்கூர் என்று சொன்ன என் வாயை என்ன செய்வது?

"அப்ப இத்த எதுக்கு அனுப்பச் சொல்றே?" என்றேன்.

"எங்கப்பா கையெழுத்து இதான்க்கா. வேற ஏது?"

சட்டத்தைத் துடைத்து அவளிடமே கொடுத்தேன், வீட்டுச் சுவரிலேயே இருக்கட்டும் என்று. இதையெல்லாம் மலரில் எழுதலாமா என்று கேட்டேன். "மன்றத்தாளுங்களுக்குச் சொல்லு, நம்ம ஆளுங்க. கம்பெனிக்காரனுக்கு இன்னாத்துக்குச் சொல்லணும்?" என்றாள்.

ஆகவே உங்களுக்குச் சொல்லிவிட்டேன். லாசர் படத்தை எடுத்த இடத்தில் மாட்டுங்கள். பக்கத்தில் கார்னர் ஸ்டீபனுக்கும் ஓர் ஆணி அடியுங்கள்.

அவர் கைப்பட எழுதிய ஏழு காலண்டர் தாள்களும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அவ்வளவுதான். கடைசித் தாளில் கடைசி வரி இப்படி நிற்கிறது: 'லாசர் ஒருநாளும் எந்தக் கிளவுஸிலும் கையெழுத்துப் போட்டதில்லை, ஏனென்றால்'. அதற்கு மேல் அவருக்குக் கை வரவில்லை. பிலோமினா போன பிறகு நான் கம்ப்யூட்டரைத் திறந்து 'ஏனென்றால்' என்ற சொல்லை மட்டும் அழித்தேன், ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன், கடிதத்தை அனுப்பிவிட்டேன்.