கண் மூடியதற்குச் சாட்சி

பல் துலக்கிக் கொப்பளித்தபோது தண்ணீர் வாயின் இடது ஓரமாக வழிந்தது. துடைத்தேன், மறுபடி வழிந்தது. பதினெட்டு வருடமாக நார்வேயில், ஆஸ்லோவில் வாழும் நான், விடுமுறைக்குச் சென்னை காசிமேட்டில் அக்கா செல்வி வீட்டுக்கு வந்த நான்காம் நாள் அது. கண்ணாடியில் முகத்தின் இடப்பாதி அசையவில்லை. இடது கண் மூடவில்லை. நாட்குறிப்பில் நேரத்தை மட்டும் எழுதினேன்: 6.10. பக்கவாதம் என்று எழுதக் கை வரவில்லை.

மீன் விற்கும் அக்கா அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு டோல்கேட் அருகே ஒரு மருத்துவரிடம் என்னை அழைத்துப் போனாள். அவர் கை, கால், பேச்சு எல்லாம் சோதித்தார். புருவத்தை உயர்த்தச் சொன்னார். இடது நெற்றியில் ஒரு சுருக்கமும் விழவில்லை. மூளையில் அடைப்பு என்றால் பெரும்பாலும் நெற்றி அசையும். இது முகநரம்பின் வீக்கம் என்றார். உடனே வந்தது நல்லது என்று ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். ஆனால் மூடாத கண் காய்ந்து புண்ணானால் பார்வை கெடலாம். அதற்குச் சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, தூங்கும்போது இமைமேல் டேப்.

தினமும் கண்ணை மூட முயன்று, மூடாத இடைவெளியை அக்காவை ஸ்கேல் பிடிக்கச் சொல்லிக் குறித்தேன். பத்து நாள் ஆறு மில்லிமீட்டர். பிறகு நான்கு. இருபதாம் நாள் இரண்டு, அங்கேயே நின்றுவிட்டது.

இடையில் ஆஸ்லோ மேலாளரோடு வீடியோவில் பேசினேன். அவர் சொன்ன வேடிக்கைக்கு நான் சிரித்தது அவருக்குத் தெரியவில்லை. மனம் புண்பட்டுவிட்டதாக நினைத்து இருமுறை மன்னிப்புக் கேட்டார். விளக்கிச் சொன்னதும் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். அங்கே அது மரியாதை. நானும் பழகிக்கொண்ட மரியாதைதான்.

காசிமேட்டில் யாரும் பார்வையைத் திருப்பவில்லை. "இன்னா தங்கச்சி, இன்னும் கோணிக்கினு கீது?" "நேத்திக்கு இன்னிக்கு வாய் ஏறிக்கீது." "சிரி பாப்போம். ஐய, பாதிதான் வருது, மீதிய நார்வேல வெச்சிட்டு வந்துட்டியா?" முதல் வாரம் கூசியது. பிறகுதான் உறைத்தது: நான் ஒரு கண்ணை மட்டும் அளந்துகொண்டிருக்க, இந்த மீன்காரப் பெண்கள் என் முழு முகத்தையும் நாள் தவறாமல் நினைவில் வைத்திருந்தார்கள்.

துறைமுகத்து மீன் ஏலத்தில் விலை கேட்க அக்கா வாய் திறக்கமாட்டாள். இரு கண்ணையும் ஒருமுறை அழுத்தி மூடித் திறப்பாள். அந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறாள் என்று ஏலக்காரருக்குப் புரிய அது போதும். இருபத்துமூன்றாம் நாள் விடியலில் என்னைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டு ஐஸ் வாங்கப் போனாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். யாரோ கூடையை உதற, தண்ணீர் முகத்தில் தெறித்தது.

"சங்கரா மீன் கூடை, செல்விக்கு," என்றார் ஏலக்காரர்.

"அது செல்வி இல்ல நைனா, தங்கச்சி. அதுக்குதான் கண்ணு மூடாதே," என்றாள் பக்கத்தில் நின்ற பெண்.

"இப்ப மூடிச்சி. நான் பாத்தேன். ரெண்டும்."

ஐஸோடு வந்த அக்கா, தான் கேட்காத கூடையைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தாள். விஷயம் தெரிந்ததும் என் தாடையைப் பிடித்து, "மூடுடி," என்றாள். மூடினேன். கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அன்றைய குறிப்பு: இடைவெளி இல்லை. சாட்சி, ஏலக்காரர்.

ஆஸ்லோ திரும்பிச் சில மாதங்கள் ஆகின்றன. நரம்பு குணமானதில் ஒரு சிறு குளறுபடி: சிரித்தால் இடது கண் தானாக மூடிக்கொள்கிறது. டிராமில் எதிரே இருப்பவர் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். காசிமேட்டில் என்றால், வலது கண்ணும் மூடுமா என்று ஏலக்காரர் காத்திருப்பார்.