நாற்பத்து மூன்று பேருக்குச் சோறு

இருபத்தொரு வருஷம் ராணுவத்தில் இருந்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கு அது பிடிக்கும். அதனால் அதோடு நிறுத்திக்கொள்வேன். மிச்சத்தையும் சொன்னால், நான் அங்கே சமையல்காரன் என்பது தெரிந்துவிடும்.

வருஷத்துக்கு ஒரு முறை எங்களையும் வரிசையில் படுக்க வைத்து அட்டைப் பலகையைச் சுடச் சொல்வார்கள். என்னால் அந்தப் பலகைக்குப் பெரிய ஆபத்து எதுவும் வந்ததில்லை. ஆனால் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் பூச்சோங்கில் எங்கள் வீட்டுக்குத் தீபாவளிக்கு வரும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது. சண்டையில் எத்தனை பேர் செத்தார்கள் அங்கிள் என்று கண்ணை விரித்துக் கேட்பார்கள். நான் மீசையைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்ப்பேன். என் மனைவி முறுக்குத் தட்டோடு வந்து, "உங்க அங்கிள் கையால செத்ததெல்லாம் கோழிதான், எடுத்துக்குங்க" என்பாள்.

ஓய்வு பெற்ற பிறகு பிரிக்பீல்ட்சில் ஒரு கடைவீட்டின் பின்பக்கம் சமையற்கூடம் வைத்தேன். வார நாளில் அலுவலகங்களுக்குப் பகல் சாப்பாடு, வாரக் கடைசியில் கல்யாணம், காதுகுத்து. மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு வக்கீல் ஆபீசில் கிளார்க். ஒப்பந்தங்களை வரி வரியாகப் படித்துப் படித்து, மளிகைக்கடை ரசீதின் பின்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் பழைய கூட்டாளி கிள்ளானிலிருந்து வந்தான். எங்கள் கேம்பில் பதினாலு வருஷம் எனக்கு அரிசியும் மீனும் ஏற்றி வந்த லோரியை ஓட்டியவன். எல்லாரும் அவனை டிரைவர் என்றே கூப்பிடுவோம். இப்போது துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறான். வந்ததும் ஃபோனை என் மூக்கு வரை நீட்டினான். எங்கோ பாலைவன நாட்டில் சண்டை நடக்கிறது. அங்கே ஒரு முகாமுக்கு ஒரு தனியார் பாதுகாப்புக் கம்பெனி முன்னாள் ராணுவத்தினரை எடுக்கிறது. காவலுக்கு, லோரி ஓட்ட, சமைக்க ஆள் வேண்டும். கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் இன்டர்வியூ.

"யூனிஃபார்ம் குடுக்கிறாங்கடா," என்றான்.

அவனுக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. ஓய்வு பெற்றவனைக் காலையில் யாரும் பேர் சொல்லி ஆஜர் எடுப்பதில்லை. அது ஒரு மாதிரி வெறுமை. எனக்கும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். மறுநாள் முதல் மீசைக்கு மை அடித்தேன், பாடாங் திடலில் ஓட ஆரம்பித்தேன். மூன்றாவது சுற்றில் என்னைத் தாண்டி நடந்துபோன ஓர் ஆன்டி, உடம்புக்கு முடியலையா தம்பி, தண்ணி வேணுமா என்று விசாரித்தார்.

மனைவி மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்காம் நாள் டிரைவர் அனுப்பிய ஒப்பந்தத்தை அச்செடுத்து, மஞ்சள் மையால் கோடு போட்டு, சாப்பாட்டு மேசையில் வைத்தாள். இந்தக் கம்பெனிகளைப் பற்றி ஊரே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது, நீங்கள் மீசைக்கு மை அடிக்கிறீர்களா என்று ஆரம்பித்தாள். சில இடங்களில் இவர்களுடைய ஆட்கள் பொதுமக்களைச் சுட்டிருக்கிறார்கள், எந்த நாட்டுக் கோர்ட் விசாரிப்பது என்பதிலேயே வருஷங்கள் ஓடியிருக்கின்றன என்றாள். நான் சமைக்கத்தானே போகிறேன் என்றேன். அவசரம் என்றால் சமையல்காரனும் துப்பாக்கி எடுக்க வேண்டும் என்று ஒன்பதாம் பக்கத்தில் இருப்பதைக் காட்டினாள். அந்த அட்டைப் பலகை ஞாபகத்துக்கு வந்தது.

"முப்பது பக்கம் படிச்சிட்டேன். இதுல நீங்க சோல்ஜரும் இல்ல, வேலைக்காரனும் இல்ல. அப்ப நீங்க யாருங்க?"

எனக்குக் கோபம் வந்தது. சரியான கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் வரும், அது என் சுபாவம். அரிசி எங்கே போட்டாலும் வேகும் என்று ஏதோ கத்திவிட்டு இன்டர்வியூவுக்குப் போனேன்.

ஹோட்டலில் டிரைவரை முதலில் கூப்பிட்டார்கள். கால் மணி நேரத்தில் பல்லெல்லாம் தெரிய வெளியே வந்தான். அடுத்தது நான். எதிரே ஒரு வெள்ளைக்காரர், அவர் நாட்டு ராணுவத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பல நாட்டுக்காரர்களுக்குச் சமைப்பாயா என்று கேட்டார். ஹலால், சைவம், மீன் குழம்பு, மழையில் கித்தான் கட்டி அதன் கீழே ரொட்டி போட்டது, எல்லாம் எடுத்துவிட்டேன். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். வேலை கிடைத்தது மாதிரிதான். கடைசியில், உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

எல்லாச் சமையல்காரனும் கேட்பதைத்தான் கேட்டேன். எத்தனை பேர்?

கேம்பில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. முதல் நாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து ஒரு சீட்டு வரும். நாளைக்கு எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று அதில் இருக்கும். லீவில் போனவன், ஆஸ்பத்திரியில் கிடப்பவன், எல்லாரையும் கழித்த எண். சீட்டு வராமல் அண்டாவை அடுப்பில் ஏற்றக் கூடாது. ஒரு முறை பயிற்சியில் ஒரு பையன் ஆற்றில் மூழ்கிப் போய்விட்டான். மறுநாள் சீட்டில் ஒன்று குறைந்து வந்தது. நான் பழைய எண்ணுக்கே சோறு போட்டேன். ஒரு தட்டு மிஞ்சியது. அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு வெங்காயம் உரிக்காமலேயே அழுதேன்.

வெள்ளைக்காரர் சிரித்தார். அதை நாங்கள் சொல்வதில்லை என்றார். சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்து, சுமாராகச் சொல்லுங்கள் என்றேன். மாறிக்கொண்டே இருக்கும் என்றார். அரிசி எவ்வளவு போடுவது என்று மூன்றாம் முறை கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். அந்த நாட்டுக்குப் போயிருக்கும் ராணுவத்துக்குத் தனிச் சமையற்கூடம், அங்கே எண்ணிக்கை உண்டு. என்னுடையது கம்பெனி ஆட்களுக்கு. காவலாளி, டிரைவர், துணி துவைப்பவர். எங்களைக் கூலிக்கு எடுக்கும் அரசாங்கத்துக்குக் காகிதத்தில் ஆட்கள் குறைவாகத் தெரிவதுதான் வசதி. அதனால் அந்த எண் எங்கேயும் எழுதப்படுவதில்லை, நீ தாராளமாகச் சமை, மிஞ்சினால் கொட்டு.

சோற்றைக் கொட்டச் சொன்னதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

"பாஸ், நோ நம்பர், நோ ரைஸ்."

வெளியே வந்து நடந்ததைச் சொன்னதும் டிரைவர் தலையில் அடித்துக்கொண்டான். அண்டா அளவுக்காக வேலையை விட்டவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான்டா என்று பிரிக்பீல்ட்ஸ் வந்து சேரும்வரை திட்டினான். நான் பதிலுக்கு, ஆளை எண்ணாத இடத்துக்கு நீயும் போகாதே என்றேன். அவன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தான்.

அவன் புறப்படும் முன் கிள்ளானில் அவன் வீட்டில் வைத்த விருந்துக்கு நான்தான் சமைத்தேன். ஆட்டுக்கறியைக் கிளறக் கிளறச் சண்டை போட்டோம். விமான நிலையத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அங்கே நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருப்பதாக மனைவி சொல்லியிருந்தாள். வெறும் எண் வார்த்தை இல்லையே.

"காலையில எத்தனை பேரு சாப்பிடுறாங்கன்னு எண்ணு. நம்பரை மட்டும் அனுப்புடா," என்றேன்.

"உனக்குப் பைத்தியம் முத்திருச்சு லா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

ஆனால் அனுப்பினான். காலைத் தேநீர்க் கோப்பைகளை எண்ணுவானாம். தினமும் காலை பத்தரை மணிவாக்கில் என் ஃபோன் ஒரு முறை சத்தம் போடும். நாற்பத்து மூன்று. ஒருவன் லீவில் போனால் நாற்பத்திரண்டு, திரும்பியதும் நாற்பத்து மூன்று. வணக்கம் கிடையாது, சுகமா என்று கேட்பது கிடையாது. நான் அதைச் சமையற்கூடத்துப் பலகையில் ஆர்டர்களுக்கு மேலே எழுதிவைப்பேன். பழைய சீட்டு திரும்ப வந்தது போல இருந்தது. நம்பர் வந்தால் அவன் இருக்கிறான், அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்டர் எதுவும் இல்லை. நான் பந்திங் ஊரில் ஒரு பெயர் சூட்டு விழாவுக்குப் போய்விட்டேன். பாத்திரங்களை ஒழுங்குபண்ண வந்த, இந்த நம்பர் விஷயம் தெரியாத மனைவி, பலகையில் முதல் நாள் எழுதிய நாற்பத்து மூன்றைப் பார்த்திருக்கிறாள். நான் ஒரு விருந்தை மறந்து ஊர் சுற்றப் போய்விட்டேன் என்று முடிவு கட்டி, என்னைத் திட்டிக்கொண்டே அரிசி களைந்து, கோழி வாங்கி, சாம்பார், பொரியல், பாயசம் வரை இறக்கி வைத்துவிட்டாள். ரசீதின் பின்பக்கம் வரை படிப்பவள்! நான் வந்து பார்த்தபோது நாற்பத்து மூன்று பேருடைய விருந்து ஆவி பறக்கிறது, சாப்பிட ஆள் இல்லை. நான் சிரித்த சிரிப்பில் கரண்டி என் மேல் பறந்து வந்தது.

கோவிலுக்குக் கொஞ்சம், தெருக் கடைக்காரர்களுக்குக் கொஞ்சம் என்று கொடுத்தோம். பின்தெருக் குடியிருப்பில் காவல் நிற்கும் நேப்பாளிகள் நாலு பேருக்கும் கொண்டுபோனேன். என்ன விசேஷம் பாஸ் என்று மலாயில் கேட்டார்கள். என் பொண்டாட்டி கணக்குத் தப்பிய நாள் என்றேன். டிரைவருக்கு எழுதியனுப்பியதும் அங்கிருந்து ஃபோன் போட்டு, பேச முடியாமல் சிரித்தான். உங்கள் நாற்பத்து மூன்று பேருக்கும் இங்கே ஒரு நாள் சோறு வைத்தாயிற்று என்று சொல்லிவைத்தேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு நம்பர் வரவில்லை. பகல் சாப்பாடு தாமதமாகி அலுவலகங்களிலிருந்து அழைத்துக்கொண்டே இருந்தார்கள். எனக்குக் கை ஓடவில்லை. பன்னிரண்டுக்கு ஃபோன் சத்தம் போட்டது. முப்பத்தெட்டு.

செய்தியில் அந்த முகாமைக் காட்டினார்கள். ராக்கெட் விழுந்ததாம். ராணுவத்தினர் யாருக்கும் காயம் இல்லை என்று வாசித்தார்கள். மனைவி ஆபீசிலிருந்து ஓடி வந்திருந்தாள். "பொய் சொல்லலங்க. ராணுவத்தில யாருக்கும் ஒண்ணுமில்லதான்," என்றாள்.

மூன்றாம் முறை அழைத்தபோது டிரைவர் எடுத்தான்.

"டிவியில எத்தனை பேருன்னு சொன்னாங்க?"

"ஒருத்தரும் இல்லன்னாங்கடா."

"அஞ்சு பேரு," என்றான். "அவங்க கோப்பையெல்லாம் கழுவி மாட்டி வச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு அவனைத் திரும்பக் கொண்டுவர ஆறு வாரம் ஆனது. அது முழுக்க என் மனைவியின் சண்டை. உடல்நலக் காரணத்துக்காக ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்ற ஒரு வரியை இருபத்து மூன்றாம் பக்கத்தில் கண்டுபிடித்து, கம்பெனிக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினாள். அந்த ஆறு வாரமும் நான் பயந்தேன். காலையில் நம்பர் வரும்வரை அடுப்பைப் பற்றவைக்கமாட்டேன். வாடிக்கையாளர்கள் திட்டினார்கள், இரண்டு அலுவலகங்கள் விட்டுப்போயின. போகட்டும் என்று இருந்தேன்.

வந்தான். பாதி ஆளாக இளைத்திருந்தான். யாரோடும் பேசவில்லை, சிரிக்கவில்லை. மறுநாள் காலை கிள்ளானிலிருந்து ரயிலேறி என் சமையற்கூடத்துக்கு வந்து பலகை முன்னால் நின்றான். முப்பத்தெட்டு என்று இருந்தது. அதைத் துடைத்துவிட்டு நாற்பத்து மூன்று என்று எழுதினான். நான் அரிசியை அளந்தேன். மனைவி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்து வெங்காயம் உரித்தாள்.

கடை வாசலில் மேசை போட்டு வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறினோம். தெருக் கூட்டுகிறவர்கள், லோரிக்காரர்கள், ஊதுபத்தி விற்கும் கண் தெரியாத தம்பதி, யாரென்று தெரியாத ஆட்கள். டிரைவர் ஒவ்வொரு தட்டாக எண்ணினான். முப்பத்தெட்டு ஆனதும் நிறுத்தி, மிச்சம் ஐந்தைத் தானே பொட்டலம் கட்டினான். அந்த ஐந்து பேரில் மூன்று பேர் நேப்பாளிகள் என்று அப்போதுதான் சொன்னான். பின்தெருக் காவலாளிகளிடம் இருவரும் நடந்தோம்.

காவலாளி வாங்கி எண்ணிப் பார்த்தான். நாங்கள் நாலு பேர்தானே பாஸ், ஒன்று கூட இருக்கிறது என்றான்.

நான் டிரைவரைப் பார்த்தேன். அவன் அந்த ஐந்தாவது பொட்டலத்தைக் கையில் வாங்கினான். பிறகு காவல் கொட்டகையின் படியில் அவர்களோடு உட்கார்ந்து, பிரித்து, பிசைந்து, ஒரு வாய் வைத்தான்.

"உப்புக் கம்மிடா," என்றான்.

என் சமையலில் உப்புக் குறை சொன்ன எவனையும் இருபத்தொரு வருஷத்தில் நான் சும்மா விட்டதில்லை. அன்றைக்கு ஓடிப்போய் உப்பு எடுத்து வந்தேன்.