நான்கு பழைய படங்களும் ஒரு மதியச் சாப்பாடும்: சிட்னியிலிருந்து மெல்பேர்ண்

"படம் பார்க்கவா மெல்பேர்ண் போகிறாய்?" என்று கேட்ட எல்லோருக்கும் சேர்த்து இந்தப் பதிவு. ஆம், படம் பார்க்கத்தான் போனேன். அதுவும் கிட்டத்தட்ட தொண்ணூறு வருடப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். போன செப்டெம்பரின் முதல் வார இறுதியில், சிட்னிப் புறநகரான வென்ட்வேர்த்வில்லில் இருந்து, தனியாக, ரயிலில்.

மெல்பேர்ண் நகரத்துக்குச் சற்று வடக்கே ஒரு பழைய திரையரங்கு இருக்கிறது. ஹொலிவூட்டில் 1930களில் எடுத்த காதல் நகைச்சுவைப் படங்களில் நான்கை, சனி இரண்டு, ஞாயிறு இரண்டு என்று பெரிய திரையில் காட்டப்போவதாக அறிவித்திருந்தார்கள். நான்குக்கும் சேர்த்து 56 டொலர். அறிவிப்பைக் கண்ட பத்தாவது நிமிடம் ரிக்கற் வாங்கிவிட்டேன். வேலையிடத்தில் லீவு கேட்டது அதற்குப் பிறகுதான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். வயது நாற்பத்தேழு. ஒரு நகரசபையின் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை. மாணவியாக வந்து, இங்கேயே கலியாணம் செய்து, பதினெட்டு வருடம் கெல்லிவில்லில் குடும்பம் நடத்தி, மூன்று வருடத்துக்கு முன் அந்த வீட்டை விட்டு வென்ட்வேர்த்வில்லில் ஒரு வாடகை அறைக்கு வந்தேன். போன வருடம் விவாகரத்தும் முடிந்தது. பிள்ளைகள் இல்லை. யோகன் கெட்ட மனுசன் இல்லை. குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார். நான் கதைக்கத் தொடங்கினால் வலது கையை நெஞ்சளவுக்கு உயர்த்துவார், அவ்வளவுதான். போதும் என்று அர்த்தம். நானும் நிறுத்திவிடுவேன். இதற்காகவா ஒருத்தி விவாகரத்து எடுப்பாள் என்று கேட்டவர்கள் பலர். ஆம், இதற்காகத்தான்.

வெளியே வந்த முதல் மாதங்களில், பின்னேரங்களை ஓட்ட நூலகத்தில் இருந்து ஒரு பெட்டிப் பழைய படங்களை எடுத்துவந்து பார்த்தேன். முதல் படத்தின் கால் மணி நேரத்துக்குள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்கள் கதைக்கிறார்கள். மூச்சு விடாமல் கதைக்கிறார்கள். ஆண் குறுக்கிட்டால் அவர்களும் குறுக்கிடுகிறார்கள். படத்துக்குப் பேச்சு வந்து சில வருடங்களே ஆன காலம் அது. வெளியே பெரும் வேலையின்மை. முத்தத்துக்கும் கட்டிலுக்கும் தணிக்கை இறுகிக்கொண்டு வந்தது. எனவே காதல் முழுவதையும் சண்டைக்குள் வைத்து எழுதினார்கள். வாய்ச்சண்டையில் சரிக்குச் சரி நிற்கிறவளைத்தான் கடைசியில் அவன் காதலிப்பான். எனக்கு அது சிரிப்புப் படமாகத் தெரியவில்லை, பாடமாகத் தெரிந்தது.

சரி, பயணம். வெள்ளிக்கிழமை காலை 6.15க்கு வென்ட்வேர்த்வில்லில் ஏறி சென்ட்ரலுக்குப் போனேன். மெல்பேர்ண் ரயில் 7.40 அளவில் புறப்படுகிறது. கிட்டத்தட்ட 950 கிலோமீற்றர், பதினொரு மணி நேரம். எனக்கு ஒருவழி ரிக்கற் 94 டொலர். விமானம் இதைவிட மலிவாகவே கிடைக்கும், ஒன்றரை மணி நேரத்தில் இறக்கிவிடும். ஆனால் விமானத்தில் போனால் கூட்டமுண்ட்ரா தாண்டி வருகிற கனோலா வயல்களைப் பார்க்கமுடியாது. செப்டெம்பரில் அவை மஞ்சளாகக் கண்ணைக் கூசவைக்கும். ரயிலில் சூடான சாப்பாடு விற்கிறார்கள். நான் கட்டிக்கொண்டு போன புட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் வாகா வாகா நகரம் வருவதற்குள் முடித்துவிட்டேன். அல்பரியில் மரே ஆற்றைக் கடந்தால் விக்ரோரியா மாநிலம். மாலை 6.50க்கு மெல்பேர்ணில் இறங்கும்போது கால் கொஞ்சம் மரத்திருந்தது. மனம் நன்றாக இருந்தது.

தங்கை வதனி காரோடு வந்திருந்தாள். அவளும் கணவர் ரமணனும் மெல்பேர்ண் புறநகரான ட்ருகனினாவில் இருக்கிறார்கள். பெரிய பெரிய களஞ்சியக் கட்டடங்களைத் தாண்டிப் போனால் ஒரே மாதிரியான புது வீடுகள் வரிசையாக வரும். அதில் பதினேழாவது அவர்களுடையது. அன்று இரவு அவள் அளவுக்கு மீறி அன்பாக இருந்தாள். குசினியில் என்னை எதையும் தொடவிடவில்லை. நாளைக்கு மதியம் நல்லாச் சமைக்கிறேன், சாப்பிட்டபிறகு ஒரு மணிக்கு ஸ்ரேஷனில் கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். முதல் படம் இரண்டரைக்கு. நேரம் சரியாக இருந்தது.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தவள் வதனி. உள்ளே வந்தவர் யோகன்.

மடிப்புக் கலையாத நீலச் சேர்ட். கையில் ஒரு பெட்டி இனிப்பு. காலை விமானத்தில் சிட்னியிலிருந்து வந்திருக்கிறார். ரமணன் தோட்டத்துக் குழாயைத் திருத்துகிறேன் என்று பின்பக்கம் போய்விட்டார். வதனி என் முகத்தைப் பார்க்காமல், "அம்மாதான் கேட்டவ, அக்கா. ஒருக்கா ரெண்டு பேரையும் இருத்திக் கதைக்கச் சொல்லி" என்றாள். அம்மா யாழ்ப்பாணத்தில் தம்பியோடு இருக்கிறா. விவாகரத்துக் கடிதம் வந்த பிறகும் அவ என் பெயரை யோகனின் பெயரோடு சேர்த்தே கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கிறா.

எழும்பிப் போயிருக்கலாம். ஆனால் எனக்குப் பசித்தது. அது என் தங்கையின் வீடு. நான் ஏன் போகவேண்டும்? கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். இறைச்சிக் கறி நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவைக்கிறேன். யோகன் வீட்டுக் கூரை மாற்றியதைப் பற்றிச் சொன்னார். தான் இப்போது சமைப்பதாகவும், கோபத்தைக் குறைக்க ஒரு வகுப்புக்குப் போவதாகவும் சொன்னார். நான் இல்லாமல் வீடு வீடாக இல்லை என்றார். நான் எப்படி இருக்கிறேன் என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வதனி கண்டுவிட்டாள். ஒரு படம் தவறினால் என்ன, வாழ்க்கை பெரிசா படம் பெரிசா என்று தொடங்கினாள். பிறகு, பல நாளாக ஆயத்தப்படுத்தி வைத்திருந்ததை எடுத்தாள்.

"நீ விழுந்து விழுந்து பாக்கிற உந்தப் படங்களிலையும் பிரிஞ்சவை கடைசியில சேருகினம் தானே, அக்கா?"

நல்ல கேள்வி. உண்மையும்கூட. அந்தப் படங்களில் பாதி அப்படித்தான் முடியும்.

"சேருகினம்," என்றேன். "ஆனா அதுக்கு முதல் அந்த ஆம்பிளை எல்லாருக்கும் முன்னால ஒருக்கா விசரனா நிப்பான். நான் பிழை விட்டிட்டன் எண்டு தன்ர வாயால சொல்லுவான். அவள் சொல்லுறதை முழுக்கக் கேப்பான். பிறகுதான்..."

"சரி, சரி. பழசை ஏன் கிளறுவான்? விடும்," என்றார் யோகன். வலது கை நெஞ்சளவுக்கு வந்திருந்தது.

அவருக்கே அது தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். மூச்சு விடுவது மாதிரி வருகிற பழக்கம். என் வாய் வழக்கம்போல மூடிக்கொள்ளப் பார்த்தது. மூடவில்லை.

"கையை இறக்குங்கோ, யோகன். நான் இன்னும் முடிக்கேல்லை."

பதினெட்டு வருடத்தில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கை இறங்கியது. நான் கோபத்தில் சொல்லவில்லை, தீர யோசித்துத்தான் சொல்கிறேன், திரும்பி வரமாட்டேன் என்று சொன்னேன். என் அறை சின்னது, ஆனால் அதற்குள் என் குரல் எனக்குக் கேட்கிறது என்றும் சொன்னேன். அவர் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"நான் மாறியிட்டன், தெரியுமோ?" என்றார்.

"நல்ல விசயம். அது உங்களுக்கே உதவட்டும்," என்றேன். அதை நான் குத்தலாகச் சொல்லவில்லை.

வதனி காரை எடுக்கமாட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. ட்ருகனினாவின் அந்தப் பகுதியில் இருந்து ஸ்ரேஷன் நடக்கிற தூரமில்லை. தொலைபேசியில் டக்ஸிக்குச் சொன்னேன், 1.20க்கு வந்தது. ஓட்டுநர் அறுபது வயது மதிக்கத்தக்க மலேசியத் தமிழர், சிலாங்கூர்க்காரர். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். பாலம் ஏறிய பிறகுதான் எங்கே என்ன விசேஷம் என்று கேட்டார். பழைய படம் என்றேன்.

"தனியாவா போறீங்க?"

"ஓம்."

"நல்லது. பக்கத்துல உக்காந்து கதை கேட்டு உயிர எடுக்க ஆள் இல்ல," என்றார். அன்று நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். 29 கிலோமீற்றர், நாற்பது நிமிடம், 66 டொலர். தூரத்துக்குக் கணக்குப் பார்த்தால் இந்தப் பயணத்தில் மிக அதிக விலை கொடுத்தது இதற்குத்தான், கொஞ்சமும் வருத்தமில்லை.

திரையரங்கில் அறுபது பேரளவில் இருந்தார்கள். அதிகம் நரைத்த தலைகள், நடுவே சில இளம் சோடிகள். தமிழ் முகம் என்னுடையது மட்டும்தான். வீட்டில் தனியாக இருந்து பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முதல் நகைச்சுவையிலேயே தெரிந்தது. அறுபது பேரும் ஒன்றாகச் சிரிக்கும்போது அடுத்த வசனம் கேட்காமல் போகிறது. அதைத் தெரிந்துதான் அந்த நாளில் நடிகர்கள் ஒரு கணம் நிறுத்தி, ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசியிருக்கிறார்கள். எல்லோரும் அதிகமாகச் சிரித்த ஒரு இடத்தில் எனக்கு அழுகை வந்தது. இருட்டு, ஒருவரும் காணவில்லை.

குறையையும் சொல்லவேண்டும். அந்தப் படங்களில் கறுப்பு நிறத்தவர் கதவு திறப்பார்கள், பெட்டி தூக்குவார்கள், அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார்கள். அந்த இடங்களில் என்னால் சிரிக்கமுடியாது. அவற்றை எடுத்தவர்கள் என்னைப் போன்ற ஒருத்தியைப் பார்வையாளராக நினைத்தே இருக்கமாட்டார்கள். இருக்கட்டும். நான் ரிக்கற் வாங்கித்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வேண்டியதை நான் எடுத்துக்கொள்வேன்.

மாலை திரும்பியபோது யோகன் போயிருந்தார். இனிப்புப் பெட்டி பிரிக்கப்படாமல் மேசையில் கிடந்தது. வதனி என்னோடு கதைக்கவில்லை. என் சாப்பாட்டை மட்டும் மூடி வைத்திருந்தாள்.

ஞாயிறு காலை தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு, இன்றைக்கு எத்தனை மணிக்குப் படம் என்று கேட்டாள். ஒன்றரை என்றேன். கொண்டுபோய் விடுவாள் என்று நினைத்தேன். அவள் காரை நிறுத்திவிட்டு என்னோடு உள்ளே வந்து, 18 டொலர் கொடுத்துத் தனக்கும் ஒரு ரிக்கற் வாங்கினாள். ரமணனின் மதியச் சாப்பாடு என்ன ஆகும் என்று கேட்டேன். முட்டை இருக்குது என்றாள்.

ஒரே கடற்கரை வீட்டை ஒரே வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துவிட்ட இருவரின் கதை அது. அந்த வேகமான ஆங்கிலம் முதலில் வதனிக்குப் பிடிபடவில்லை, நான் காதுக்குள் சொன்னேன். அரை மணி நேரத்தில், இனித் தேவையில்லை என்று அவள் என் கையைத் தட்டிவிட்டாள். கடைசிப் பகுதியில் நாயகி அவனை வெளியே விட்டுக் கதவைப் பூட்டிவிடுகிறாள். கொட்டுகிற மழை. அவன் குனிந்து, கடிதம் போடுகிற துவாரத்தினூடாக மன்னிப்புக் கேட்கிறான். எனக்குக் கேட்கவில்லை என்கிறாள் அவள். அவன் எழும்பி நின்று, தெருவெல்லாம் விளக்குப் போட்டுப் பார்க்கும்படி இன்னொரு தரம் கத்துகிறான். வதனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டு எத்தனையோ வருடம்.

திரும்பும் வழியில், நெடுஞ்சாலை ஏறியபிறகு கேட்டாள்.

"அவன் ரெண்டு தரம் கேட்டவன் எல்லே, அக்கா?"

"ஓம், ரெண்டு தரம்."

"நேற்று அத்தான் ஒருக்காலும் கேக்கேல்லை. நீ போனபிறகு நான் சமையல் எல்லாம் ஒதுக்கிக்கொண்டு நிண்டு யோசிச்சனான். கூரையைப் பற்றிச் சொன்னவர், வகுப்பைப் பற்றிச் சொன்னவர். அதை மட்டும் சொல்லேல்லை." சிறிது தூரம் போனபின், "அம்மாவுக்கு நான் சொல்லுறன். நீ ஒண்டும் கதைக்காதை," என்றாள்.

திங்கள் காலை 8.30 ரயிலில் திரும்பினேன். போக விரும்புகிறவர்களுக்குச் சில விசயங்கள். ரயில் ரிக்கற்றை முன்கூட்டியே எடுங்கள், யன்னலோர ஆசனம் கேளுங்கள். குளிரூட்டி கடுமையாக வேலை செய்யும், சால்வை தேவை. இப்படிப் பழைய படங்கள் காட்டுகிற திரையரங்குகளில் ஒவ்வொரு படத்துக்கும் தனியாக வாங்குவதைவிட மொத்தமாக வாங்குவது மலிவு. வதனிக்கு ஒரு படம் 18, எனக்கு 14. நடுவரிசையில் இருங்கள், சிரிப்பு நான்கு பக்கமிருந்தும் வரும். உறவினர் வீட்டில் தங்குவதானால் டக்ஸிக்கு ஒரு தொகையைக் கையில் வைத்திருங்கள். நேரத்துக்குப் புறப்பட யாருடைய அனுமதியும் தேவைப்படாது. கூட வர ஆளில்லை என்றால் தனியாகப் போங்கள். ஏன் தனியாக வந்தாய் என்று திரையரங்கில் ஒருவரும் கேட்பதில்லை. வெளியே கேட்பார்கள். பதில் சொல்ல விருப்பமிருந்தால் சொல்லுங்கள்.

ரயில் வாகா வாகாவைத் தாண்டியபோது வதனியின் செய்தி வந்தது. "அம்மாவுக்குச் சொல்லிட்டன். நல்லா அழுதவ. பிறகு, அப்பிடி என்ன படமாம் எண்டு கேட்டவ."

நான் அந்தக் கடற்கரை வீட்டின் கதையை முதலில் இருந்து அம்மாவுக்கு எழுதத் தொடங்கினேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடி ரயில் கூல்பேர்ண் வந்து சேரும்போதுதான் மழைக் காட்சிக்கு வந்திருந்தேன்.