மருந்து எழுதாத டாக்டர்

ஐந்து வயதில் நான் எழுந்து நின்றால் இரண்டு முட்டியும் ஒட்டிக்கொள்ளும், பாதங்கள் மட்டும் தள்ளி நிற்கும். ஓடினால் முட்டிகள் இடித்துக்கொள்ளும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். பெரியவர்கள் என் முகத்தை விட்டுவிட்டு முட்டியைப் பார்த்துப் பேசத் தொடங்கிய பிறகுதான், அங்கே என்ன இருக்கிறது என்று நானும் குனிந்து பார்த்தேன்.

"பொம்பளப் புள்ள அண்ணி, நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?" என்று அத்தை அம்மாவிடம் கேட்டாள். அத்தை அப்பாவின் தங்கை. ஸ்ரீரங்கத்தில் எங்களுக்குப் பின்தெருவில் இருந்தாள். அம்மா மறுநாளே என்னைத் தில்லைநகருக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

டாக்டர் என்னைப் படுக்க வைத்து, முட்டிகளைச் சேர்த்துப் பிடித்து, கணுக்கால்களுக்கு நடுவில் டேப் வைத்து அளந்தார். நடக்கச் சொன்னார். வலிக்கிறதா என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

"இந்த வயசுல நிறைய புள்ளைங்களுக்கு இப்படி இருக்கும்மா. ஏழெட்டு வயசுக்குள்ள தானா நேராயிடும். ஒரு கால் மட்டும் வளைஞ்சாலோ, வலிச்சாலோ, இடைவெளி கூடினாலோ கூட்டிட்டு வாங்க. இப்ப ஒண்ணும் வேணாம்."

அம்மா எழுந்திருக்கவில்லை. "மருந்து, டாக்டர்?"

"வேணாம்மா."

எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாத்திரை கொடுத்தால் லேசான வியாதி, ஊசி போட்டால் கொஞ்சம் பெரிசு. ஒன்றுமே எழுதாமல் வீட்டுக்கு அனுப்பியது பெரியப்பாவை மட்டும்தான். அவர் அதற்கப்புறம் அதிக நாள் இருக்கவில்லை.

பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டாக்டரோ சிரித்துக்கொண்டே பேசியிருந்தார். இரண்டு பேரில் யாரை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. இறங்கியதும் நான் கேட்காமலே பன் வாங்கிக் கொடுத்தாள். காய்ச்சல் வந்தால்தான் எங்களுக்குப் பன் கிடைக்கும். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை.

"கைவிட்டுட்டாரா அந்த ஆளு? நான் பார்த்துக்கறேன்" என்றாள் அத்தை. நடக்காத பிள்ளைகளை, கால் பலப்படும் என்று, ஆற்றுமணலில் இடுப்புவரை நிறுத்திப் புதைக்கிற வழக்கம் உண்டு. நான் நன்றாக நடப்பேன், ஆனாலும் வெயில் ஏறியதும் என்னையும் அம்மாவையும் கொள்ளிடத்துக்குக் கூட்டிப் போய், குழி பறித்து, என்னை அதில் இறக்கி இடுப்புவரை மணலைத் தள்ளினாள். பெரியப்பாவையும் இதே ஆற்றங்கரையில்தான் புதைத்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"முழுசா மூடிடுவியா அத்தை?" என்றேன்.

அத்தை சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. பாய்ந்து வந்து, கையாலேயே மணலைப் பறித்து என்னை வெளியே இழுத்தாள். அன்றைக்கும் அடுத்த நாளும் அம்மா சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்தாள். எனக்கு ஊட்டும்போது மட்டும் உருண்டை பெரிதாக வந்தது.

அதற்கும் மறுநாள் மறுபடி தில்லைநகர்.

"ஒரு டானிக்காவது எழுதிக் குடுங்க டாக்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"இதுக்கு டானிக் எதுக்கும்மா?" என்று ஆரம்பித்தவர் அம்மாவைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். இந்தத் தடவை என் காலைத் தொடவே இல்லை. சீட்டை எடுத்து எழுதினார்.

ஏழு வயதுக்குள் கால் நேராகிவிட்டது. எந்த நாளில் என்று யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் மணலில் நின்றதால்தான் என்று அத்தை இன்னும் சொல்கிறாள்.

ஆனால் எனக்குப் புரியாமல் போனது கால் விஷயம் இல்லை. டானிக் வாங்கி வந்த அன்று சாயங்காலம் அம்மா எனக்கு ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தாள். ஆரஞ்சு மிட்டாய்போல இனித்தது. பிறகு அடுக்களையில் உட்கார்ந்து, தட்டு நிறையச் சோறு போட்டு, ரசம் ஊற்றி, மறுசோறும் போட்டுச் சாப்பிட்டாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்தைக் குடித்தவள் நான், அம்மாவுக்கு எப்படிப் பசி எடுத்தது?