தோணிக்கல் பாதை

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்கு மாலைக்கண் வந்தது. பகலில் ஒரு குறையும் இல்லை. மாதா கோயிலில் சாயங்கால மணி அடித்து ஓய்வதற்குள் எல்லாம் இருண்டுவிடும். விளக்கை முகத்துக்கு நேரே பிடித்தால் மஞ்சளாக ஒரு திட்டு தெரியும், அவ்வளவுதான். பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்று மருத்துவச்சி சொன்னாள். அதுவரை என்ன செய்வது என்று அவள் சொல்லவில்லை.

அக்காள்மடத்தில் எங்கள் தெருவில் அப்போது எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. பெண்கள் ஒதுங்கப் போவதெல்லாம் பொழுது அடைந்த பிறகுதான். முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது அப்படிப் போன இடத்தில் பனை வேர் தடுக்கி விழுந்தேன். அந்தப் பிள்ளை தங்கவில்லை. கண் நன்றாகத் தெரிந்த காலத்திலேயே விழுந்தவள், இப்போது கேட்க வேண்டுமா? சாயங்காலம் நெருங்கினாலே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் சரக்குத் தோணியில் வேலை பார்த்தார். நான் இப்படிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, கொல்லையில் ஓலை மறைப்பு ஒன்று கட்டினார். பின்வாசலிலிருந்து அதுவரை கல் பாவிவிடுவதாகச் சொன்னார்.

"மணலு எது, கல்லு எதுன்னு காலுக்குத் தெரியுமில்ல? கல்ல விட்டு எறங்காம போயி வந்துரு புள்ள."

கல்லுக்கு எங்கும் போக வேண்டியதில்லை. சரக்கில்லாமல் வரும் தோணிகள், அலையில் கவிழாமலிருக்க அடிப்பாரத்துக்குக் கல் ஏற்றி வரும். சரக்கு ஏற்றும்போது அந்தக் கல்லைக் கரையில் தள்ளிவிட்டுப் போகும். தட்டையாகப் பார்த்துப் பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார். கொத்தனாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன். "நான் அடுக்காத கல்லா?" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

தோணியில் எப்படி அடுக்குவாரோ அப்படியே அடுக்கினார். தோணியில் கல் உருளாமல் இருக்க அடியில் கடல்புல்லை மெத்தையாகப் போடுவார்கள். இங்கேயும் கரையில் ஒதுங்கிய ஈரப்புல்லை அள்ளி வந்து தடிமனாகப் பரப்பி, அதன்மேல் கல்லை வைத்து மிதித்து இறுக்கினார். நானும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு புல் அள்ளிக் கொடுத்தேன். வேலை முடிந்தபோது கல் ஒவ்வொன்றும் ஆணி அடித்தாற்போல் நின்றது. அன்று சாயங்காலம் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பி வந்தேன். அழுகையே வந்துவிட்டது. ராஜாவுக்கு அரண்மனை கட்டியவர்போல அவர் நடந்துகொண்டதைத்தான் சகிக்க முடியவில்லை.

கொஞ்ச நாளில் கற்கள் காலடியில் ஆட ஆரம்பித்தன. சொன்னேன். "தோணியில ஆடாதது தரையில ஆடுமாக்கும்?" என்று சிரித்தார். தோணிக்குள் புல் எப்போதும் நனைந்தே கிடக்கும், எங்கள் கொல்லையில் வெயில் அதைச் சருகாக்கிவிடும் என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. புல் காய்ந்து சுருங்கச் சுருங்க, ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் குளுகுளுவென்று ஒரு பொந்து உண்டாகிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அவர் கரைக்குப் போயிருந்த நேரம், செம்பில் தண்ணீரோடு மறைப்புக்குப் போனேன். முடித்துவிட்டு மிச்சத் தண்ணீர்ச் செம்போடு திரும்பி வரும்போது, பாதி வழியில் ஒரு கல் ஆடியது. உடனே அந்தச் சத்தம் கேட்டது. காய்ந்த ஓலையில் மணலைப் போட்டுத் தேய்ப்பதுபோல, விடாமல்.

எங்கள் கரையில் பிறந்தவர்களுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். சுருட்டை விரியன். கடித்தால் பல் ஈறிலெல்லாம் ரத்தம் வடிந்து சாகிற சாவை நான் பார்த்திருக்கிறேன். சத்தம் முன்னாலா, பக்கத்திலா, காலுக்கு அடியிலேயேவா? காற்று அடித்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. ஒற்றைக் கல்லில் இரண்டு காலையும் சேர்த்து நின்றேன். வயிற்றில் பிள்ளை உதைத்தது. சும்மா இரு, சும்மா இரு என்று அதனிடம் கெஞ்சினேன். மாதாவைக் கூப்பிட்டேன். வாய்தான் அசைந்தது, குரல் வரவில்லை.

எவ்வளவு நேரமோ தெரியாது. பின்வாசல் பக்கம் மஞ்சள் திட்டு ஒன்று ஆடிக்கொண்டு வந்தது.

"ஏ புள்ள, அங்கன என்னத்துக்கு நட்டமா நிக்கிற?"

அரிக்கேன் விளக்கோடு அவர் பாதையில் இறங்கிவிட்டார். எப்போதும்போல வெறுங்கால். நான் நின்றுவிட்டதால் அதுவும் அடங்கிக் கிடந்தது. இவர் காலடி பட்டதும் மறுபடி தேய்க்க ஆரம்பித்தது. அப்போதுதான் தெரிந்தது, அது எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிறதென்று. வராதீக என்று கத்துகிறேன், தொண்டையில் காற்றுதான் வருகிறது. மஞ்சள் திட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது. கையிலிருந்த செம்பை அந்தத் திட்டைப் பார்த்து வீசினேன்.

செம்பு கல்லில் மோதி உருண்டது. வெளிச்சம் நின்றது. அவர் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது.

"அசையாத புள்ள," என்றார். அது அவர் குரல் மாதிரியே இல்லை.

துடுப்பை எடுத்து வந்து அடித்தார். அப்புறம் மணல் வழியாகச் சுற்றி வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார். காலையில் கற்களைப் புரட்டினார். நடுக்கல்லின் அடியில், சருகான புல்லுக்குள், நார்த்துண்டுகள்போல அதன் குட்டிகள் நெளிந்துகொண்டிருந்தன. நான் அந்தக் கல்லில்தான் தினமும் நின்று மூச்சு வாங்குவேன்.

புல்லையெல்லாம் வாரிக் கொளுத்திவிட்டு, உடைத்த சிப்பியும் சுண்ணாம்பும் போட்டு, கட்டையால் இடித்து இறுக்கிக் கற்களை மறுபடி பதித்தார். கொத்தனாரைக் கேட்டுத்தான் செய்தார். ஆனாலும் நான் காலை வைக்க மாட்டேன் என்றுவிட்டேன். அன்று முதல் தினம் மணி அடித்ததும் அவரே முன்னால் ஒருமுறை போய்வருவார். கல் ஒவ்வொன்றையும் தொம் தொம் என்று மிதிக்கிற சத்தம் கேட்கும். பிறகு, "ஒண்ணும் இல்ல, வா புள்ள" என்பார். என் உயிர் இங்கே ஊசலாடுகிறது, இந்த மனிதர் வீரம் காட்டுகிறாரே என்று எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன், "ஒங்களுக்குப் பயமே கெடையாதா?"

"பாய்மரம் முறிஞ்சப்பவே பயப்படல. இதுக்கா பயப்படுவேன்?"

பெண் பிள்ளை பிறந்தது. மருத்துவச்சி சொன்னபடி கண்ணும் மெல்லத் தெளிந்தது. தெளிந்துவிட்டது என்று எனக்கே உறைத்த சாயங்காலம், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு இன்னும் சொல்லவில்லை. வழக்கம்போல விளக்கை எடுத்துக்கொண்டு பாதையில் இறங்கினார்.

முதல் கல்லுக்கு முன்னால் நின்றார். சிலுவை போட்டுக்கொண்டார். காலைத் தூக்கினார். அந்தக் கால் வெடவெடவென்று நடுங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு தொம் என்று மிதித்தார். அடுத்த கல்லுக்கு முன்னால் மறுபடி சிலுவை, மறுபடி அந்த நடுக்கம். அந்தக் கடல் காற்றிலும் அவர் முதுகில் வேர்வை வழிந்தது. கடைசிக் கல்வரை அப்படியே போனார். தினமும் இப்படித்தான் போயிருக்கிறார்.

திரும்பி வந்து, "ஒண்ணும் இல்ல, வா புள்ள" என்றார், அதே மிடுக்கோடு.

பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு எழுந்தேன். கண் தெரியாதவள்போலவே கையை நீட்டினேன்.