குழாய்த் தண்ணீரை மறுத்த கமேலியா

நகரக் குடிநீர் நிலையத்தின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்த்துவந்தவரைத் தெருவில் எல்லோரும் தண்ணி சார் என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாகக் கேட்பவர்களுக்கு அது வேறு மாதிரிப் படும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. எதிர் வீட்டுக்குக் குடிவந்த தையல்காரம்மா முதல் சில வாரங்கள் அவர் மனைவியைப் பார்க்கும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தி, எப்படித்தான் சமாளிக்கிறீர்களோ என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அவர் மனைவியும் பெருமூச்சு விட்டு, "என்ன பண்றது, காலையிலயும் தண்ணி, சாயங்காலமும் தண்ணி, தூக்கத்துலகூடத் தண்ணிப் பேச்சுதான்" என்று உள்ளதை உள்ளபடியே சொல்லிவந்தாள். மனிதர் மதுவை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை என்பது தையல்காரம்மாவுக்கு விளங்க ஏழு வாரம் பிடித்தது.

அவருடைய வேலை இதுதான். ஊரில் பதினான்கு இடங்களில் குழாயைத் திறந்து, புட்டிகளில் தண்ணீர் பிடித்து, கூடத்துக்குக் கொண்டுவந்து சோதிக்க வேண்டும். அதில் அவருக்கு மிகவும் பிடித்தது சுண்ணாம்புச் சோதனை. தண்ணீரில் ஒரு சிட்டிகை சாயம் போட்டால் மாதுளைச் சாறு மாதிரி சிவக்கும். பிறகு ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு சொட்டில் சடாரென்று நீலமாகிவிடும். சுண்ணாம்பு எவ்வளவு அதிகமோ, சொட்டும் அவ்வளவு அதிகம். ஊர்த் தண்ணீருக்குப் பதினெட்டுச் சொட்டு. அந்தப் பதினெட்டைப் பெற்ற பிள்ளையின் மதிப்பெண் போல அவர் சொல்லுவார். விருந்தாளிகள் யாராவது கடையில் வாங்கிய தண்ணீர்ப் புட்டியோடு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், அவர்களோடு அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் அந்தக் கமேலியா வந்து சேர்ந்தது.

அது அவருடைய அக்காவின் செடி. அக்கா தோட்டமுள்ள வீட்டை விட்டுவிட்டு, பால்கனிகூட இல்லாத மாடி வீட்டுக்கு மாறினாள். இடுப்புயரச் செடியை, ஆள் உட்காரும் அளவு தொட்டியோடு ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து தம்பி வீட்டில் இறக்கினாள். கமேலியா தேயிலைச் செடிக்கு ஒன்றுவிட்ட தங்கை. கொட்டும் பனியிலும் இலையை உதிர்க்காது. மற்ற செடியெல்லாம் வெறும் குச்சியாக நிற்கும் குளிர்காலக் கடைசியில், சிவப்புக் கைக்குட்டைகளை மடித்து அடுக்கியது போல இது பூக்கும்.

"டேய், இருபது வருஷத்துல இது பூக்காத வருஷம் கிடையாது" என்றாள் அக்கா, வண்டியில் ஏறுமுன். "உன்கிட்ட வந்து பூக்கலைன்னா, தப்பு செடி மேல இருக்காது."

தண்ணி சார் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் பச்சைப் பூவாளியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைப்பார். அதிலிருக்கும் குளோரின் பறந்து போவதற்காகச் சாயங்காலம்வரை காத்திருப்பார். வேலையிலிருந்து வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல் போய் ஊற்றுவார். செடிக்கு இதைவிட ராஜ உபசாரம் வேறு யார் செய்ய முடியும்?

முதல் குளிர்காலத்தில் மொட்டுகள் நிறையவே வந்தன. பிறகு ஒவ்வொன்றாக, பழுப்பேறி, பொத்துப் பொத்தென்று விழுந்தன. இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்றபடி மஞ்சள் பாரித்துப் போயின. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா தொலைபேசியில் கூப்பிடுவாள். முதலில் செடி எப்படி இருக்கிறது என்று கேட்பாள், பிறகுதான் தம்பி எப்படி இருக்கிறான் என்று.

"பூத்துச்சா?"

"யோசிச்சுட்டு இருக்குக்கா."

வசந்தம் வந்தும் அது யோசித்து முடிக்கவில்லை. கடைசியில் அவரும் மனைவியும் நான்கு மஞ்சள் இலைகளைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு, ஊர் எல்லையிலிருந்த, செடி விற்கும் நாற்றங்காலுக்குப் போனார்கள். முழங்கை வரை மண்ணாக இருந்த நாற்றங்கால்காரி ஓர் இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு வினாடிகூட ஆகியிருக்காது.

"குழாய்த் தண்ணி ஊத்தறீங்களா? அதான். இந்த ஊர் தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி. இதுக்கு மழைத் தண்ணிதான் ஆகும்."

அப்போது தண்ணி சார் அணிந்திருந்தது குடிநீர் நிலையத்தின் சட்டை. சட்டைப்பையின் மேல் ஒரு நீலத் துளி பொறித்திருக்கும். நாற்றங்கால்காரி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஊர்த் தண்ணீரின் சுண்ணாம்பு எல்லா விதிகளுக்கும் உட்பட்டது என்றும், நூறு வருடமாக மனிதர்கள் அதைக் குடித்து நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றும், தான் கையெழுத்துப் போடாமல் ஒரு சொட்டுக்கூடக் குழாயை விட்டு வெளியே வருவதில்லை என்றும் அவர் விளக்கினார்.

"மனுஷங்க குடிக்கட்டும், நான் வேண்டாங்கலை" என்றாள் நாற்றங்கால்காரி. "செடிக்குத்தான் உங்க கையெழுத்து படிக்கத் தெரியலை."

அவர் விடுவிடுவென்று வெளியே நடந்துவிட்டார். அவர் வண்டிவரை போய்த் திரும்பிப் பார்ப்பதற்குள் மனைவி மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். புளிப்பு மண்ணுக்கு, அதாவது சுண்ணாம்பில்லாத அமில மண்ணுக்கு, மாற்ற வேண்டும். கிழக்குச் சுவரோரம் வைக்கக்கூடாது, உறைந்த மொட்டின் மேல் காலை வெயில் நேராகப் பட்டால் கருகிவிடும். மழைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கூடாது.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுவதும் வாடிக்கையாளர் கண்முன் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "முதல்ல பார்த்தது தெளிவா, இப்பப் பார்க்கறது தெளிவா?" என்று கேட்பது அவள் தொழில். எது எவருக்கு எந்த நேரத்தில் தெளிவாகும் என்பதில் அவளுக்கு அனுபவம் உண்டு. கணவருக்கு இப்போது ஒன்றும் தெளிவாகாது என்று கண்டுகொண்டவள், வாதாடவே இல்லை.

கணவர் ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார். கடை திறப்பது பத்துக்கு. அந்த இடைவெளியில் ஒரு நாள் பக்கத்து வீட்டுத் தபால்காரரைத் துணைக்கு அழைத்துத் தொட்டி மண்ணை மாற்றினாள். துணி காயப்போட இடம் வேண்டுமென்று சொல்லித் தொட்டியைக் கிழக்குச் சுவரிலிருந்து நகர்த்தினாள். தபால்காரர் வீட்டுக் கொட்டகைக் கூரையிலிருந்து வழியும் மழையைப் பிடிக்க, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பீப்பாய் வைக்கச் சொன்னாள். பிறகு தினமும் ஒரே வேலைதான். கணவர் பிடித்து வைத்த பூவாளித் தண்ணீரை வாசற்படியில் கொட்டிவிட்டு, அதில் மழைத் தண்ணீரை நிரப்பி, அதே இடத்தில், அதே பக்கம் பார்த்த மூக்கோடு வைத்துவிடுவாள். சாயங்காலம் அவர் வந்து பயபக்தியோடு ஊற்றுவார். சுண்ணாம்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் படிகளில் வெள்ளைக் கறை படிந்தது. அதைத் தேய்ப்பதும் அவள் பாடாயிற்று.

அந்த வருடம் அவள் மழைக்குப் பைத்தியமானாள். கடையில் ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருக்கும்போது வெளியே தூறல் விழுந்தால், கீழ்வரிசை எழுத்தை அவர் தப்பாகப் படித்தாலும் சிரித்தாள். தபால்காரருக்கோ பொறுப்பு கூடிப்போயிற்று. ஒரு நாள் வேலியோரமாக வந்து, பீப்பாயில் ஒரு பூனை விழுந்து எழுந்து போய்விட்டதே, அந்தத் தண்ணீர் ஆகுமா என்று கவலையோடு கேட்டார்.

"பூனைகிட்டச் சுண்ணாம்பு இருக்கா?" என்றாள்.

"இருக்காதுன்னுதான் நினைக்கிறேன்."

"அப்ப ஆகும்."

கோடையில் புது இலைகள் கரும்பச்சையாக, எண்ணெய் தடவியது போல வந்தன. இலையுதிர் காலத்தில் நுனிக்கு நுனி மொட்டு. இந்தத் தடவை ஒன்றுகூட விழவில்லை. தண்ணி சாருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்றங்கால்காரியிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்றார். செடியின் படத்தை எடுத்துப்போய் அலுவலக அறிவிப்புப் பலகையில் குத்தினார். அங்கேதான் வினை பிடித்தது. தலைமைப் பொறியாளர் அதைப் பார்த்துவிட்டார். குளிர்காலக் கடைசியில் பொதுமக்கள் குடிநீர் நிலையத்தைச் சுற்றிப் பார்க்கும் நாள் ஒன்று வரும். அன்று அந்தச் செடியை வாசலிலேயே வைத்து, "நம் குழாய்த் தண்ணீர் மட்டுமே குடித்து வளர்ந்தது" என்று பெரிய பலகை வைப்பதாக ஏற்பாடாகிவிட்டது.

மனைவி உண்மையைச் சொல்லிவிட நினைத்தாள். மூன்று முறை சொல்ல வாயெடுத்தாள். மூன்று முறையும் அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். திருமணமாகி இத்தனை வருடத்தில் அவர் பாடி அவள் கேட்டதில்லை. சொல்ல மனம் வரவில்லை.

அந்த நாளுக்கு மூன்று நாள் முன்பு, முதல் பூ பாதி விரிந்திருந்தபோது, பலகையில் தண்ணீரின் சரியான அளவையும் போட்டால் நன்றாக இருக்குமே என்று தண்ணி சாருக்குத் தோன்றியது. கைப்பெட்டியிலிருந்து சோதனைச் சாமான்களை எடுத்துச் சமையலறை மேசையில் பரப்பினார். பூவாளியிலிருந்து கொஞ்சம் எடுத்தார். சாயம் போட்டார். ஒரு சொட்டு விட்டார். நீலமாகிவிட்டது.

கரைசல் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தார். குழாயைத் திறந்து பிடித்துச் சோதித்தார். கச்சிதமாகப் பதினெட்டு. மறுபடியும் பூவாளி. ஒரு சொட்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பார்த்தார். ஒரு சொட்டுத்தான். மனைவி கடையிலிருந்து வந்து மேலங்கியைக் கழற்றும்போது, மேசை மேல் ஏழு கண்ணாடிக் குவளைகள் நீல நிறத்தில் வரிசையாக நின்றன. அவர் பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"பூவாளியில ஒரு சொட்டு" என்றார். "குழாயில பதினெட்டு."

அவள் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில், "முதல்ல பார்த்தது தெளிவா, இப்பப் பார்க்கறதா?" என்று கேட்டுவிட்டாள்.

"இப்பப் பார்க்கறதுதான்" என்றார் அவர். "எத்தனை மாசமா?"

"ஒன்பது."

"நான் பிடிச்சு வச்ச தண்ணிய என்ன பண்ணே?"

"படி கழுவினேன்."

அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. எழுந்து வெளியே போனார். செடியின் முன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு புட்டியோடு, மனைவி கைகாட்டிய வேலிப் பக்கம் போய், கையை நீட்டிப் பீப்பாயின் மூடியைத் தூக்கினார். சன்னலில் நின்றிருந்த தபால்காரர் சட்டென்று திரைக்குப் பின்னால் ஒதுங்கினார். தண்ணி சார் உள்ளே வந்து அதையும் சோதித்தார். வெகுநேரம் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல தண்ணி" என்றார் கடைசியில், பல் பிடுங்கிக்கொண்டவர் குரலில். "மூடிதான் சரியில்லை."

மறுநாள் பொறியாளரிடம் போய், அந்தப் பலகையை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். யாருக்குத் தெரியப்போகிறது என்று பொறியாளர் கேட்டார். "எனக்குத் தெரியுமே சார்" என்றார் இவர். செடி வாசலில் நிற்கும் என்று ஊருக்கோ அறிவித்தாகிவிட்டது. ஆகவே தண்ணி சார் தன் கையாலேயே வேறொரு பலகை எழுதினார்: "மழைத் தண்ணீரில் வளர்ந்தது. வளர்த்தது என் மனைவி. ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் கேட்கலாம்."

கேட்டார்கள். வடிகட்டும் தொட்டிகளையும் இராட்சதக் குழாய்களையும் பார்க்க வந்த கூட்டம் அவர் மேசையைச் சுற்றி நின்றுவிட்டது. அவர் குழாய்த் தண்ணீரைச் சிவப்பாக்கி, பதினெட்டாவது சொட்டில் நீலமாக்கிக் காட்டினார். மழைத் தண்ணீரை ஒரே சொட்டில் மாற்றினார். இந்தச் சுண்ணாம்பு குடிப்பவர்களை ஒன்றும் செய்யாது, கமேலியாவின் வேர்தான் அதோடு சண்டைக்குப் போகிறது என்றார். வெந்நீர் போடும் கெண்டியின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே என்று ஒருவர் கேட்டார். தையல்காரம்மா தன் இஸ்திரிப் பெட்டி அடைத்துக்கொண்டதைச் சொன்னாள். இருபத்தாறு வருடத்தில் அவர் பேச்சை இத்தனை பேர் நின்று கேட்டது அன்றுதான். கூட்டம் கலைந்த பிறகு பொறியாளர் பக்கத்தில் வந்து, தன் வீட்டிலும் ஒரு செடி மஞ்சளடித்துக் கிடப்பதாகத் தணிந்த குரலில் சொன்னார்.

அக்காவும் வந்திருந்தாள். பூக்களை எண்ணினாள். பலகையை இரண்டு தடவை படித்தாள்.

"இருபது வருஷமா நான் எந்தத் தண்ணிய ஊத்தினேன்னு ஒரு தரமாவது கேட்டியாடா?"

"மழைத் தண்ணியா?" என்றார் தம்பி. "சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா கேட்டிருப்பியா?"

அவர் நேர்மையான மனிதர். கொஞ்சம் யோசித்தார். "மாட்டேன்" என்றார். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் நின்ற தபால்காரரும் சிரித்தார். அப்புறம் அவராலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது பீப்பாய் வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. மூடி தண்ணி சாரே செய்தது. வாரம் ஒருமுறை சோதனையும் உண்டு. கோடையில் ஐந்து வாரம் மழை பொய்த்து, மொட்டுப் பிடிக்கிற பருவத்தில் பீப்பாய் வறண்டபோது, அவர் இரண்டு வாளிகளோடு மலையடிவாரத்து ஓடைக்கு வண்டியோட்டிப் போனார். முதல் ஓடையில் ஒன்பது சொட்டு வந்ததால் அடுத்த ஓடைக்குப் போனார். குளிர் முற்றியதும் தொட்டியின் வேர் உறையாமலிருக்கப் பழைய கம்பளியைச் சுற்றிக் கட்டினார்.

இந்த வருடம் முதல் பூ விரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. இலைகள் மேல் வெள்ளை, நடுவே ஒரே ஒரு சிவப்பு. அவர் ஏழு மணிக்குக் கிளம்பவில்லை. நிலையத்துக்கு விடுப்புக் கடிதம் எழுதினார். காரணம் என்ற இடத்தில், "வீட்டில் பூ பூத்திருக்கிறது" என்று எழுதினார். பொறியாளர் அரை நாள் கொடுத்தார்.